விடுதலைப் பத்திரம்: யாருக்கு, எதிலிருந்து?

தமிழில் ‘விடுதலை’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு பெரியது. நாட்டு விடுதலை, சாதி விடுதலை, பெண் விடுதலை என்று மேடைதோறும் கேட்ட சொல். அதே சொல் நாள்தோறும் எழுதப்படுகிற, கைரேகை வைக்கப்படுகிற, முத்திரை குத்தப்படுகிற இன்னோர் இடமும் உண்டு. அது சார்பதிவாளர் அலுவலகம். அப்பாவின் நிலத்திலும் வீட்டிலும் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுத் தருவதாக ஒரு பெண் எழுதிக் கொடுக்கும் ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். விடுதலை என்ற சொல்லின் கீழ் தமிழ்ப் பெண்கள் மிகுதியாகக் கையெழுத்திட்டிருப்பது இந்தப் பத்திரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நான் சட்டம் படித்தவளில்லை. பிரதிகளை வாசிப்பதும் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். முதுகலை வகுப்பில் மொழிநடை பற்றிய பாடத்துக்காக, வீட்டிலிருக்கும் பழைய பத்திரம் ஒன்றைப் பெயர்களை மறைத்துப் படியெடுத்து வரச் சொல்வது என் வழக்கம். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், உயில் எல்லாம் வரும். விடுதலைப் பத்திரம் தவறாமல் வரும். மாவட்ட நீதிமன்றத்தில் சொத்து வழக்குகளையே நடத்திவரும் என் தோழி ஒருவர், தம் அலுவலகத்துக் கட்டுகளில் சிலவற்றையும் பெயர் நீக்கி வாசிக்கத் தந்தார். இலக்கியப் பிரதியைப் போலவே இந்த ஆவணங்களையும் வாசிக்க வேண்டும், இவற்றை எழுதுகிறவர்களும் எதிர்த்து வாதாடுகிறவர்களும் செய்யும் வேலையை விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பத்திரத்தின் இலக்கணம்

முதலில் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்போம். அண்ணன் ‘இன்னாரின் மகன்’ என்று வருகிறார். தங்கை ‘இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான’ என்று வருகிறார். இரண்டு ஆண் பெயர்களைத் தாண்டித்தான் அவள் பெயரை அடைய முடியும். ஆனால், அந்தப் பெயருக்குப் பிறகு நடப்பது வேடிக்கை. தன்மை ஒருமையில் ஒரு பெண் பேசத் தொடங்குகிறாள். ‘என் மனப்பூர்வமான சம்மதத்துடன், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி’ என்கிறாள். ‘இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை’ என்கிறாள். தன் வாழ்நாளில் ஒரு பெண் ‘நான்’ என்று இத்தனை முறை எழுத்தில் சொல்லும் இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அந்த ‘நான்’ அத்தனையும் பத்திர எழுத்தர் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கும் மாதிரியிலிருந்து வருகின்றன. பெயரும் சர்வே எண்ணும் மட்டுமே மாறும்.

வற்புறுத்தல் இல்லை என்று ஒரு ஆவணம் இவ்வளவு அழுத்திச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் பத்திரங்களிலும் சம்மதம் பற்றிய வரி உண்டு. ஆனால், நான் வாசித்தவற்றில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அக்கா தங்கைகளின் பத்திரத்தில்தான் அது ஒரு பத்தியாக நீள்கிறது. எங்கே சந்தேகம் வரும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது, பெறுகிறவருக்குச் சொல்லப்படும் வாழ்த்து. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியதையாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று பழைய பத்திரங்கள் சொல்கின்றன. மகன், மகனுடைய மகன். புத்திரி அங்கே இல்லை. ஒரு பெண் தன் பெண்ணுக்கு எழுதிய தானசெட்டில்மெண்டிலும் இதே தொடர் இருந்ததை ஒரு மாணவி கண்டுபிடித்துக் காட்டினாள். கொடுப்பவள் பெண், பெறுபவள் பெண். ஆனாலும் சொத்து ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ போகிறது. சட்டம் மாறிய பிறகும் அதன் வாய்பாடு மாறவில்லை.

மூன்றாவது, சொத்து விவரம். இங்கே பத்திரத்தின் மொழி திடீரென்று கூர்மையடைகிறது. வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே எந்தத் தடம் என்று நான்கு எல்லையும் சொல்லப்படும். கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, மின்மோட்டார், தென்னை எத்தனை, மாமூல் வழிநடை பாத்தியம் எல்லாம் வரும். ஒரு தென்னைமரத்துக்குக் கிடைக்கும் கவனம்கூட அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காது. அவள் எதற்காக விட்டுத் தருகிறாள் என்ற கேள்விக்கு ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ என்ற ஒரே பதில். அந்த அன்பின் நான்கு எல்லையை யாரும் அளப்பதில்லை.

அரசின் கட்டண விகிதமும் இந்த அன்போடு ஒத்துப்போகிறது. தமிழ்நாட்டில் ஒரு சொத்தை விலைக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. குடும்பத்துக்குள் விடுதலை என்றால் 1 விழுக்காடுதான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 25,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு 2023 ஜூலையில் 40,000 ஆனது. சலுகை என்ற அளவில் இது இருபாலருக்கும் பொது. ஆனால், யார் யாருக்கு விடுகிறார்கள் என்ற திசை நம் வீடுகளில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்போது, பொதுச் சலுகையும் அந்தத் திசையில்தான் ஓடும்.

பின்னோக்கி வாசிப்பவர்

சொத்து வழக்கறிஞரின் வேலை பெரும்பகுதி வாசிப்புதான் என்பதைத் தோழியின் மேசையருகே உட்கார்ந்தபோது புரிந்துகொண்டேன். நாம் நீதிமன்றத்தைத் திரைப்படங்களில் பார்த்துப் பழகியவர்கள். அங்கே வழக்கறிஞர் பேசுகிறார். பாகப்பிரிவினை வழக்கில் பேச்சு கொஞ்சம், காகிதம் நிறைய. வில்லங்கச் சான்றை எடுத்துப் பின்னோக்கிப் போக வேண்டும். கடைசிப் பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம் வரை ஒவ்வொரு கை மாறலையும் பார்க்க வேண்டும். பட்டா யார் பெயரில், எந்த ஆண்டு, யார் மனுவின் பேரில் மாறியது என்று பார்க்க வேண்டும். வாரிசுச் சான்றில் எத்தனை பெயர், அதில் மகள்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

தோழி முதலில் பார்ப்பது தேதியை. அப்பா இறந்த தேதி, பத்திரம் பதிவான தேதி. “ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள்னு பாருங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருப்பாங்க. திரும்பிப் போறதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க” என்றார். அடுத்துப் பார்ப்பது சாட்சிகளை. பெண்ணின் தரப்பில் யாராவது நின்றார்களா, அல்லது இரண்டு சாட்சிகளும் பெறுபவரின் நண்பர்களா? மூன்றாவது, பத்திரத்தைத் தயாரித்தவர் யார் என்பது. பெரும்பாலும் அது ‘நம்ம குடும்ப வக்கீல்’. குடும்ப வக்கீல் என்ற சொல்லே ஒரு விமர்சனத்துக்குரியது. குடும்பம் என்பது யார்? கட்டணம் கொடுப்பவர் அப்பாவோ அண்ணனோதான். கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்குத் தனியாக ஆலோசனை சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. அவளுக்கு எதிராகச் சதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அவள் தரப்பு என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றாததே போதும்.

வழக்கு என்று வந்துவிட்டால் எதிர்வாதவுரையில் வரும் பத்திகளும் வாய்பாடுதான். ‘வாதிக்கு இத்தனை பவுன் நகையும் சீர்வரிசையும் கொடுத்துத் திருமணம் செய்துவைத்ததால் அவருக்குப் பங்கு இல்லை’ என்று எழுதுவார்கள். வரதட்சணை என்று ஒருவரும் எழுத மாட்டார்கள். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதனால் அங்கே அது சீர்வரிசை. கல்யாண மேடையில் ஒரு பெயர், நீதிமன்றத்தில் ஒரு பெயர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் நகைக்குப் பங்கைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தப் பத்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அது நீதிபதிக்காக மட்டும் எழுதப்படுவதன்று, பெட்டியருகே நிற்கும் பெண்ணைக் கூசச் செய்யவும் எழுதப்படுகிறது.

பெண் தரப்பு எழுதும் வழக்குரையிலும் ஒரு வினோதம் உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955இன் 37ஆம் பிரிவு, சொத்தைக் கூட்டாக அனுபவித்துவரும் பங்குதாரர் பிரிவினை கேட்டால் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் போதும் என்கிறது. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் கேட்டால், அவருடைய பங்கின் சந்தை மதிப்புக்கேற்பக் கட்டணம். அதாவது, வெளியே தள்ளப்பட்டவளுக்குத்தான் செலவு அதிகம். ஆகவே, கட்டிக்கொடுத்து இருபது வருடமாகி வேறு ஊரில் வாழும் மகளும் ‘வாதி இன்றளவும் கூட்டு அனுபவத்தில் இருந்துவருகிறார்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லாப் பங்குதாரருக்குமான அனுபவம் என்ற சட்டக் கோட்பாடு அதற்குத் துணை நிற்கிறது. நான் வாசித்த வழக்குரைகளில் இந்த ஒரு வாக்கியம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. கட்டணத்துக்காக எழுதப்பட்டதுதான். ஆனாலும், அம்மா வீட்டுக்கு விருந்தாளியாக மட்டுமே போய்வரும் பெண்ணை அந்த வீட்டில் இருப்பவளாகச் சொல்லும் ஒரே தமிழ் வாக்கியம் அதுதான்.

சட்டம் வந்த வழி

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல்நிலை வாரிசாக்கியது. ஆனால், பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனிடமே நின்றது. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தினர் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது என்றது. பங்கு உண்டு, கேட்கும் நேரத்தை அண்ணன் தீர்மானிப்பார்.

தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையே 60 ஆண்டுகள். மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமையாளர் ஆனாள். ஆனால், அந்த நாளுக்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. தாலி ஏறிய தேதியை வைத்து மகளா இல்லையா என்று முடிவு செய்த அந்தக் கோட்டை 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்திருத்தம் அழித்தது. 23ஆம் பிரிவும் அப்போதுதான் நீங்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11இல் தீர்த்துவைத்தது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்பது கேள்வியே இல்லை. ‘வாய்மொழியாக எப்போதோ பிரித்துக்கொண்டோம்’ என்று சகோதரர்கள் சொல்வதை, பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் இல்லாமல் ஏற்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தோழியைப் போன்றவர்களுக்கு அதன் மிகப் பயனுள்ள பகுதி இதுதான்.

2022 ஜனவரி 20இல் வந்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஒருவர் தாமே சம்பாதித்த சொத்து, அவர் 1956க்கு முன்பே உயில் எழுதாமல் இறந்திருந்தாலும், ஒரே மகளுக்குத்தான் போகும், சகோதரரின் மகனுக்குப் போகாது என்று தீர்ப்பானது. வழக்கு தாக்கலானது 1991. விசாரணை நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் தோற்று, 31 ஆண்டு கழித்துக் கிடைத்த தீர்ப்பு. பண்டைய ஸ்மிருதிகளிலேயே மகளுக்கு உரிமை இருந்தது என்று அத்தீர்ப்பு நீண்ட மேற்கோள்களோடு நிறுவுகிறது. பெண்ணுக்கு உரிமை உண்டு என்று சொல்ல ஸ்மிருதியிடம் அனுமதி கேட்க வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால், வழக்கு நடத்துகிறவர் கிடைக்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

இந்த வரலாறு இந்துப் பெண்களுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவிதாங்கூர்க் கிறித்தவ மகளுக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம் மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்றது. மேரி ராய் வழக்கில் 1986இல்தான் அது முடிவுக்கு வந்தது. இஸ்லாமிய மகளுக்குப் பங்கு உறுதி, ஆனால் மகனுக்குக் கிடைப்பதில் பாதி. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பங்கு கேட்பதற்கு முதலில் நிலம் இருக்க வேண்டும். 1892 முதல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிற சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையை மீறிப் போய்விட்ட ஊர்களில், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது பூஜ்யத்தில் சமபங்கு. பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசும்போது நம் கட்டுரைகள் பெரும்பாலும் பத்திரம் வைத்திருக்கும் வீடுகளிலேயே நின்றுவிடுகின்றன.

ஓலையும் மணப்பெண்ணும்

தமிழ் இலக்கியத்தின் மிகப் பெயர்பெற்ற ஆவண வழக்கு பெரியபுராணத்தில் இருக்கிறது. புத்தூரில் சுந்தரர் திருமணம். முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் தன்னையும் தன் வழிமுறையையும் எனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்திருக்கிறான் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். அங்கே அவை கூடுகிறது. அனுபவம், எழுத்து, சாட்சி என்ற மூன்றில் எதனால் நிறுவுவாய் என்று கேட்கிறது. பாட்டனின் கையெழுத்தை அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முதியவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்கிறது. மூல ஆவணம், நகல், கையெழுத்து ஒப்பீடு என்று இன்றைய சிவில் வழக்கின் எல்லா உறுப்பும் அதில் உண்டு.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். இந்த வழக்கின் தீர்ப்பால் வாழ்க்கை மாறிய இன்னொருவர் யார்? கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருத்தி சொல்வாள்: கல்யாணப்பெண். சடங்கவி சிவாசாரியாரின் மகள். பந்தலில் உட்கார்ந்திருந்தவள். அவையில் அவள் தரப்பு இல்லை, சாட்சியாகவும் அவள் இல்லை. சுந்தரரையே நினைந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் அவளை அனுப்பிவைக்கிறார். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டியது என்பது கதை. அந்த ஓலை அதில் பெயரே இல்லாத ஒருத்தியையும் கட்டியது என்பது நம் வாசிப்பு.

‘எனக்கோ என் வாரிசுகளுக்கோ’ என்று விடுதலைப் பத்திரம் சொல்லும்போதும் இதுவே நடக்கிறது. கையெழுத்துப் போடுகிறவளின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் அந்த வரி. பிறகு ஓலையைக் கிழித்தும் பயனில்லை. பதிவுசெய்த விடுதலையைத் தன்னிச்சையாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் ரத்துசெய்துவிட முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஏமாற்றப்பட்டது தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

கணக்குப் போட்டவர்கள்

பெண்ணியப் பேச்சில் இந்தப் பெண்களைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறோம். ஒன்று, அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். இன்னொன்று, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. தோழி இரண்டையும் மறுக்கிறார். “கையெழுத்துப் போட்டவங்க ஏமாளிங்க இல்ல. எல்லாம் கணக்குப் போட்டுத்தான் போட்டிருக்காங்க” என்பது அவர் வாதம்.

அந்தக் கணக்கை எழுதிப் பார்க்கலாம். புருஷன் அடித்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் தட்டோடு வர வேண்டும். மகன் கல்யாணத்தில் பிறந்த வீட்டார் முன்வரிசையில் உட்கார வேண்டும். பொங்கலுக்கு ஒரு சேலை வர வேண்டும். சேலையின் விலை பெரிதன்று, அது வராமல் போனால் புகுந்த வீட்டில் அவள் மதிப்புக் குறையும். பங்கு கேட்டால் இவை அத்தனையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அரை ஏக்கருக்கும் ஒரு வாசலுக்கும் இடையே அவள் வாசலைத் தேர்ந்தெடுக்கிறாள். நான் இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். காப்பீட்டுத் தவணை என்று சொல்வேன், மிக அதிகமான தவணை.

நம் விமர்சனம் குறிவைக்க வேண்டிய இடம் அவளுடைய கணக்கு அன்று, அந்தக் கணக்கை அவள் மட்டும் போட வேண்டியிருப்பது. நிலத்தை எடுத்துக்கொண்டால் அக்காளை இழக்க நேரிடும் என்று எந்தத் தம்பியும் கணக்குப் போடுவதில்லை. அவனுக்கு நிலமும் உண்டு, அக்காளும் உண்டு. சொத்தா உறவா என்ற கேள்வியைப் பெண்ணிடம் மட்டுமே கேட்கும் ஏற்பாட்டுக்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பேராசைக்காரி என்ற பட்டமும் பங்கைக் கேட்டவளுக்குத்தான். அதைத் தர மறுத்தவனுக்கு அப்படியொரு பெயர்ச்சொல் தமிழில் வழங்கவில்லை.

நீதிமன்றத்தின் மொழியும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வீட்டு வேலையைப் பங்களிப்பாக ஏற்ற முக்கியமான தீர்ப்பு. ஆனால், அதன் மொழியை வாசியுங்கள். இல்லத்தரசி மேலாளராக, சமையல் வல்லுநராக, வீட்டு மருத்துவராக, பொருளியலாளராக இருக்கிறாள் என்று அது அடுக்குகிறது. சம்பளம் வாங்கும் தொழில்களின் பெயரைச் சூட்டிய பிறகே அவள் வேலை வேலையாகத் தெரிகிறது. அடுப்படியில் நின்றவளை அடுப்படிக்காரியாகவே வைத்துப் பங்கு தரும் சொல் சட்டத்துக்கு இன்னும் கைவரவில்லை.

வழக்கறிஞர்களின் தொழிலிலும் இந்தப் பிரிவினை உண்டு. பெண் வழக்கறிஞர் என்றால் விவாகரத்தும் ஜீவனாம்சமும் தேடி வரும். நிலம் என்றால் ‘பெரிய சிவில்’, அதற்கு ஒரு மூத்த ஆண் வக்கீல். தோழியிடம் முதல் பத்தாண்டு வந்த நில வழக்குகளை இரண்டு கைகளில் எண்ணிவிடலாம் என்றார். இப்போது அவரிடம் பெண்கள் வருகிறார்கள். முதல் சந்திப்பில் பெரும்பாலோர் கேட்பது, “கேஸ் போடாம கேக்க முடியுமா மேடம்?” என்பதுதான். வழக்குப் போட்ட பின்னும் பாதி வழியில் சமரசத்துக்குப் போகிறவர்கள் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை, கமிஷனர் வந்து அளப்பது, இறுதித் தீர்ப்பாணை என்று ஆண்டுக்கணக்கில் நீளும் பாதையில், மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்கிறார்கள். அதையும் தோல்வி என்று சொல்ல அவர் விரும்புவதில்லை. “ஒண்ணுமில்லாம கையெழுத்துப் போடுறதுக்கும், விலை பேசிட்டுக் கையெழுத்துப் போடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு” என்றார். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. குறைந்த தொகைக்குச் சமரசம் என்பது பழைய அன்பின் புதிய விலை ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆனால், விலை என்று ஒன்று எழுத்தில் வந்துவிட்டால் ‘அன்பை முன்னிட்டு’ என்ற வரி அங்கே நிற்க முடியாது. அந்த அளவுக்கு அது முன்னேற்றம்தான்.

வாசிக்கக் கற்றல்

பெண்கள் யாரும் விடுதலை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விட்டுத் தருவதற்கும் உரிமை வேண்டும். தனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவளால்தான் விட்டுத் தர முடியும், தெரியாதவளிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் முடியும். ஆகவே மாணவிகளிடம் நான் வற்புறுத்துவது வாசிப்பை. சொத்தின் வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பத்திரத்தின் வரைவை ஒரு வாரம் முன்பே கையில் கேட்டு வாங்கலாம். குடும்ப வக்கீல் அல்லாத ஒருவரிடம் காட்டலாம். பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமான வரம்பு பார்க்காமல் எந்தப் பெண்ணும் அங்கே இலவசச் சட்ட உதவி கேட்கலாம். துக்க வீட்டிலிருந்து எழுந்து நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் இருக்கலாம்.

மொழிநடைப் பாடத்தின் கடைசிப் பயிற்சியாக, வாங்கிவந்த விடுதலைப் பத்திரத்தை நடைமுறைத் தமிழில் ஒரே வாக்கியமாக மாற்றி எழுதச் சொல்வேன். யார், யாருக்கு, எதை, எவ்வளவு, எதற்குப் பதிலாக என்ற ஐந்து கேள்விக்கும் அந்த வாக்கியத்தில் விடை இருக்க வேண்டும். நான்கு கேள்விக்கு எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். ஐந்தாவதற்கு வந்ததும் பலருடைய பேனா நின்றுவிடும். பத்திரத்தில் அதற்கு விடை இல்லை, வீட்டில் போய்க் கேட்க வேண்டும். கேட்டுவந்து எழுதுங்கள் என்று சொல்கிறேன். அம்மாவிடமும் கேளுங்கள், மாமாவிடமும் கேளுங்கள்.